மலைமேல் தமிழ் சொல்லித்தரும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உவமை, உருவகம் என்று பாட்டுக்கு அழகு சேர்க்கும் அணிகளின் வரையறையை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள், புதிதாக ஒரு பாட்டைக் கொடுத்தால் முழிக்கிறார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். அதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது. இத்தனை வருஷம் அதே வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்தவள் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதுகை, மோனையிலிருந்து தொடங்கு. எதுகையும் மோனையும் செய்யுள் கட்டும் யாப்பு, நீ நடத்துவது அணி, இரண்டையும் கலக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு முதலில் திறப்பது காதுதான். “கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி” என்று வகுப்பே சேர்ந்து சொல்லட்டும். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கேள். முதலெழுத்து ஒன்றிவருவதை அவர்கள் கண்டுபிடித்த பிறகு ‘மோனை’ என்று கரும்பலகையில் எழுது. அப்புறம் “ஆடிப் பட்டம் தேடி விதை”. அதில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருகிறது, அது எதுகை. அடுத்து ‘பாடம், மாடம்’ என்று கைதட்டிச் சொல்லச் சொல், பிறகு ‘பாடம், மடம்’ என்று. இரண்டாவதில் தாளம் இடறும். முதலெழுத்தின் அளவும் ஒத்திருந்தால்தான் எதுகை என்ற விதி, நீ சொல்வதற்கு முன்பே அவர்கள் கைக்கு வந்துவிடும்.

உவமைக்கு மட்டும் அவசரப்படாதே. இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. “நிலா போன்ற முகம்” என்று எழுதிக் கொடுக்கிற பிள்ளை யோசித்து எழுதவில்லை, எங்கோ கேட்டதை எழுதியிருக்கிறது. அதைத் தப்பு என்று அடிக்காமல், நிலாவுக்கும் முகத்துக்கும் எது பொது என்று மட்டும் கேள். தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறது. செய்கிற செயல், கிடைக்கிற பலன், வடிவம், நிறம். இதைவிட நல்ல கேள்வித்தாள் எனக்குத் தெரியாது. “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை” என்ற குறளை எடுத்துக்கொள். நிலம் எந்த நிறம், என்ன வடிவம் என்பதெல்லாம் வள்ளுவருக்கு அங்கே வேண்டியதில்லை. தோண்டுகிறவனையே தாங்குகிறதே, அந்தச் செயல்தான் வேண்டும். அகழ்வார், இகழ்வார் என்று எதுகையும் அங்கேயே இருக்கிறது. நேற்று காதால் பிடித்ததை இன்று பிள்ளைகள் தாங்களே காட்டுவார்கள்.

அப்புறம் வகுப்பை வெளியே கூட்டிப் போ. உன் பள்ளியைச் சுற்றி என்ன இல்லை? கோடை மழை பெய்து சில நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு மிளகுக் கொடி ஏறும். கொண்டை ஊசி வளைவு என்று அவர்கள் தினமும் சொல்வதே ஓர் உவமைதான் என்று நீ சொன்னால் அசந்துபோவார்கள். உரு ஒன்று, வினை ஒன்று என்று ஆளுக்கு இரண்டு உவமை எழுதட்டும். இங்கே சேலம் அம்மாபேட்டையில் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எனக்குத் தறியில் நீளமாக ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் நாடாவையும் வைத்து எழுதிக் கொடுத்தார்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத உவமைகள் அவை. உன் பிள்ளைகளிடம் தோட்டம் இருக்கிறது.

உருவகத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ‘தேன்தமிழ்’ உவமை, ‘தமிழ்த்தேன்’ உருவகம். தேன் போன்ற தமிழ், தமிழாகிய தேன். ‘போல’ போய் ‘ஆகிய’ வந்துவிட்டது. ‘பனித்திரை’ எது என்று கேட்டால் மலைப் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். தண்டியலங்காரத்தில் பொருளணி மட்டும் 35 இருக்கின்றன. அந்தப் பட்டியலை இந்த வயதில் தலையில் ஏற்றாதே. உவமையும் உருவகமும் உறுதியாக நின்றால் மற்றவை எட்டாம் வகுப்பிலும் அதற்குப் பிறகும் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

பரீட்சை கவலை உனக்கு இருக்கும். அணியின் இலக்கணம், சான்றுப் பாட்டு, அந்தப் பாட்டில் அணி பொருந்துவதைக் காட்டும் அணிப்பொருத்தம் என்று மூன்று பகுதியாக எழுதும் பழக்கத்தைக் கடைசி வாரத்தில் கொடு, போதும். புரிந்த பிள்ளைக்கு அது ஒரு நாள் வேலை.

“பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்” குறளுக்கு வரும்போது, கடலையே பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டாயே. மார்கழிக் காலையில் மலை விளிம்பில் நிறுத்தி, கீழே சேலம் முழுவதும் பனியில் மூழ்கிக் கிடப்பதைக் காட்டு. கரை தெரியாத பரப்பு என்றால் என்ன என்பது விளங்கிவிடும். வள்ளுவர் பிறவியைக் கடலாக்கினார், இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகம் செய்து மற்றதை விட்டதால் அது ஏகதேச உருவகம். இந்தப் பெயரைச் சொல்லாமல், அடியை எதுவாக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேள். ஒருவன் படகு என்பான். மேட்டூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை பரிசல் என்று சொல்லும். எல்லாவற்றையும் எழுதி வாங்கி வை. அடுத்த முறை நீ இறங்கி வரும்போது அந்த நோட்டுகளை எடுத்து வா, நானும் படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா