களி கிண்டித் தந்த கைகளுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களைத் தாங்கும் சபையாருக்கும் தெருவாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லா வேலையும்.

சண்டே ஸ்கூல் டீச்சரக்கா, முதலில் உங்களுக்கு. மகளுக்கு ரிப்பன் வைத்து ரெட்டை ஜடை போட வேண்டும்; என்னால் பின்னலை இறுக்கிப் பிடிக்க முடியாது. நீங்களே தினமும் வந்து போட்டுவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஜன்னல் கம்பியில் மூன்று கயிறு கட்டி என் வீட்டுக்காரருக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தீர்கள். மூன்று சனிக்கிழமை ஆனது. இப்போது அவர் பின்னுகிறார். நான் எதிரே உட்கார்ந்து அவளுக்கு மனப்பாட வசனம் சொல்லித் தருகிறேன்.

சின்னவன் உங்களிடம், "நான் ஜெபம் பண்றது இயேசப்பாவுக்குக் கேக்கலையா?" என்று அழுதானாமே. உடம்பில் முள்போல் குத்திய வேதனையை எடுத்துவிடும்படி அப்போஸ்தலன் பவுல் ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டதையும், முள் போகாவிட்டாலும் ஆண்டவர் அவரை விட்டுப் போகாததையும் சொன்னீர்கள். அன்று ராத்திரி அவன் எனக்கு அதைச் சொன்னான். நான் பதில் தேடித் தவித்த கேள்வி அது.

"விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று வெளியூர்க் கூட்டம் ஒன்றில் ஒருவர் கேட்டதை நம்பி இரண்டு மாதம் மருந்தை நிறுத்தினேன். முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டேன். அப்போது பாஸ்டர் ஐயா திட்டவில்லை. "சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தானம்மா" என்று சொல்லி, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்துக்கடைத் தம்பியையும் மறக்கமாட்டேன். இந்த நோய்க்கு நான் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறையும் அட்டையில் சிவப்புப் பேனாவால் "வெள்ளி மட்டும்" என்று எழுதித்தான் தருவார்.

பாஸ்டரம்மா, ஒருநாள் வலியில் மகளைக் கத்திவிட்டு உங்களிடம் வந்து அழுதேன். "போய் அவகிட்டயே மன்னிப்புக் கேளு" என்றீர்கள். பிள்ளையிடம் கேட்பதா என்று தயங்கினேன். அப்புறம் கேட்டேன். அவள் தன் தப்பால்தான் எனக்கு வலி வருகிறது என்று அதுவரை நினைத்திருந்தாள்! இது தெரியாமலே இருந்திருப்பேனே.

பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் நம் சபை இல்லை; நோன்பு நாளிலும் வந்தீர்கள். கேழ்வரகுக் களி கிண்ட மணிக்கட்டில் பலம் வேண்டும். கட்டி விழாமல் கிண்டி, சட்டியை என் முன்னால் வைத்து, "பிள்ளைங்களுக்கு நீயே போடு, அம்மா கையால சாப்பிடட்டும்" என்பீர்கள். என் வேலையை எடுத்துக்கொண்டு, என் இடத்தை எனக்கே விட்டீர்கள். அதை எப்படிச் சொல்லி முடிப்பது என்று தெரியவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். களியும் கீரைக் குழம்பும். கிண்டுவது அக்கா, பரிமாறுவது நான்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சகோதரி