கொம்பனித்தெருச் சுவர்களில் இருப்பவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் சுவரோவியங்கள் பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் மனிதர்களில் ஒருவருடைய பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், சுவரிலேயே இல்லையே! அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் தம்பியின் மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள். "மாமி, அந்த இடத்தை ஒருக்கால் போய்ப் பாப்பமா?" என்று கேட்டாள். போன ஞாயிறு வெயில் ஏறுமுன் வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கொம்பனித்தெரு நிலையத்தில் இறங்கினோம். ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்று பெயர் வைத்து, நெடுங்காலம் அப்படியே பலகையிலும் எழுதி வைத்திருந்த இடம். நம் வாயில் அது கொம்பனித்தெருதான். வாங்கி விற்க வந்த கொம்பனியின் பெயர் ஒட்டிக்கொண்டது, அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்களின் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. சரி, அது பழைய கதை.

ஒழுங்கைகளுக்குள் நுழைந்தால் சுவர்களில் முகங்கள். அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த ஓவியர் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் 2018 அளவில் 'வீ ஆர் ஃப்ரம் ஹியர்' என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். நாங்கள் இந்த இடத்து ஆட்கள் என்பதுதான் அதன் பொருள். அரசரோ தலைவரோ இல்லை, அந்த ஒழுங்கையில் இருப்பவர்களையே அந்த ஒழுங்கைச் சுவரில் வரைந்தார்கள். மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்று ஒரே தண்ணீர்க் குழாயில் வாளி வைத்த சனம்.

ஒரு முகத்தின் முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம். வயதான ஒருவர். காதுப் பக்கத்தில் சாந்து உதிர்ந்து, அதன் அடியில் பழைய நீலப் பூச்சும் அதற்கும் கீழே ஒரு பச்சையும் தெரிந்தன. தாடையை மறைத்து ரியூஷன் வகுப்புச் சுவரொட்டி ஒன்று. கண் மட்டும் கலையாமல் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் அவர் தலைக்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அல்டெயர் மாடிக் கட்டடம்.

முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில், "நானா, இது ஆர்?" என்று கேட்டேன்.

"அது நம்மட ஆளுதான் அக்கா. வண்டியில பழம் வித்தவரு. இப்ப ஃப்ளாட்டுக்குப் போயிட்டாரு" என்றார். அவர் பெயர், வண்டியை எந்த மூலையில் நிறுத்துவார், மாம்பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும் எப்படிப் போடுவார் என்று பிளேன்டீ ஆறும் வரை கதைத்தார். தம்பி மகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். இன்னும் இரண்டு ஒழுங்கை நடந்தோம். கேட்ட இடத்தில் எல்லாம் ஆட்கள் முகத்தைப் பார்த்ததுமே பெயர் சொன்னார்கள். ஒரு சுவரில் தையல் இயந்திரத்தோடு இருந்த ஒரு பெண்ணை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்து வீடுகள் எல்லாம் இடிபட்டுத் தகரம் அடித்துக் கிடந்தன. சொல்லக்கூடியவர்கள் அங்கே இல்லை.

சுவரில் பெயர் எழுதத் தேவையில்லை, ஊருக்கே தெரியும் என்று வரைந்தவர்கள் நினைத்திருக்கலாம். அன்றைக்கு அது சரி. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் அங்கிருந்து தொடர்மாடிகளுக்குப் போய்விட்டன. படம் இருக்க ஊர் போய்விடுகிறது.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரைந்தார்களே, அதில் பல சுவர்களில் மன்னர்களும் படைவீரர்களும் இருந்தார்கள். அந்த ஆட்களுக்குப் பெயர்ப் பலகை தேவையில்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார்கள். (உண்மையைச் சொன்னால், அந்தச் சுவர்களில் சிலவற்றைத் தாண்டும்போது நான் பஸ்ஸில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனவள்.) பழ வண்டிக்காரருக்குப் பாடப்புத்தகமும் இல்லை, சிலையும் இல்லை. 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் வரைந்தவையும் கூடாரங்களோடு போய்விட்டன. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் வரைந்த சுவர்களை மட்டும் இன்றைக்கும் ஆட்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். வரைந்தவர் யாரென்று தெரியும், அதனால் சுவருக்கும் மரியாதை.

திரும்பும் வழியில் கியூ வீதி சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் கும்பிட்டோம். கோபுரத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் தெருவில இருக்கிற சிற்பம்தானே மாமி?" என்றாள் பிள்ளை. உண்மைதான், கட்டணமில்லாமல் தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிற கலை. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணமும் புதிதாகிறது, ஏனென்றால் அதற்கென்று ஒரு திருப்பணிச் சபை உண்டு. ஆனால் நம் கோயில்களிலும் டியூப் லைட்டில் உபயகாரர் பெயர் இருக்கும், சுதை செய்த சிற்பியின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே மற்றவர்களை மட்டும் சொல்லி என்ன?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. சுவர்களை வரைந்தவர்களும், அந்தப் பகுதி இளைஞர்களும், மாநகர சபையும் சேர்ந்தால் ஒரு வார வேலை. படத்தின் காலடியில் அவர் பெயர், அவர் செய்த தொழில், வரைந்தவர் பெயர், ஆண்டு. மூன்று மொழியிலும் ஒரு சிறிய வரி, அதே தூரிகையால். பெயர் போட விருப்பமில்லாதவர்களும் இருப்பார்கள், கேட்டுச் செய்யலாம். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கொப்பியில் இப்போது ஆறு பெயர்கள் இருக்கின்றன. தையல் இயந்திரத்தோடு இருக்கும் பெண்ணின் பக்கம் வெறுமையாக இருக்கிறது. கொம்பனித்தெருவில் இருந்து போன வாசகர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்தால், அவருக்கும் சம்மதம் என்றால், உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை.