வாங்கிய கேம் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்சோல் வேண்டாம், விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், எங்கோ இருக்கும் சர்வரில் கேம் ஓடும், நம் திரைக்குப் படம் மட்டும் வந்து சேரும், இனி எல்லாம் கிளவுட் கேமிங்தான் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. நானும் அதில் ஆடுகிறவன்தான். எதற்கும் உதவாது என்று ஓரமாக வைத்திருந்த பழைய லேப்டாப்பில் புத்தம் புது கேம் ஓடியதைப் பார்த்து அசந்துபோனேன். இந்தத் தொழில்நுட்பம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

இது சரியாக ஓட நெட் வேகம் கூடினால் போதும் என்கிறார்கள். சினிமா என்றால் அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கேமில் அது நடக்காது, அடுத்து எந்தப் பட்டனை அழுத்தப்போகிறேன் என்பது எனக்கே தெரியாதே! திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி; சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஃபைபர் கேபிளில் சிக்னல் போய்வரவே 10 மில்லி விநாடி ஆகிவிடும். பள்ளத்தின் விளிம்பில் சரியாக அழுத்திவிட்டோம் என்று கட்டைவிரலுக்குத் தெரியும், ஆனால் திரையில் நம் கதாபாத்திரம் இன்னும் ஓரடி ஓடி நேராகப் பள்ளத்துக்குள் போகும். சரி, சர்வரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் இது குறையும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2010-ல் வந்த ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 2015 ஏப்ரலோடு முடிந்தது. 2019 நவம்பரில் வந்த கூகுளின் ஸ்டேடியா சேவையையும் 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டார்கள். கேம் வாங்கிய பணத்தை கூகுள் திருப்பிக் கொடுத்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆடிச் சேர்த்ததை யார் திருப்பித் தருவது? நான் சந்தா கட்டும் ஒரு சேவையில், கடைசிக் கட்டம் வரை வந்திருந்த ஒரு கேம் திடீரென்று பட்டியலிலிருந்தே காணாமல் போனது. நான் ஆடிய இடம் வரை பதிந்திருக்கும் சேவ் ஃபைல் அவர்களுடைய சர்வரில். அதை இறக்கிக்கொள்ள ஒரு பட்டன்கூட இல்லை, இன்றுவரை அந்த முடிவை நான் பார்க்கவில்லை.

ஜீஃபோர்ஸ் நவ் என்ற இன்னொரு கிளவுட் சேவை பிடித்த வழி எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் நாம் வாங்கி வைத்திருக்கும் கேமை அங்கே ஓட்டுகிறோம், நாளைக்கு அந்தச் சேவையே நின்றாலும் கேம் நம் ஸ்டீம் கணக்கில் இருக்கும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: 2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனம் தன் கேம்களை அங்கிருந்து எடுத்துவிட்டது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அப்போது அவற்றை அங்கே ஓட்ட முடியவில்லை.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. நிரந்தரமாகக் கையில் கிடைக்காத டிஜிட்டல் பொருளை விற்கும்போது, இது உரிமம் மட்டுமே என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல ஆரம்பம், ஆனால் சொல்லிவிட்டுப் பறித்தாலும் பறித்ததுதான். சேவ் ஃபைலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் வசதியும், ஒரு கேமை நீக்கப்போவதாக இருந்தால் சில மாதங்கள் முன்பே அறிவிப்பும் கட்டாயமாக வேண்டும். அடுத்த முறை கிளவுட் கேமிங் பற்றி நீங்கள் எழுதும்போது வேகத்தோடு நிறுத்தாமல், மூடினால் ஆடியவருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் அந்த நிறுவனங்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்