கறுத்த கண்ணாடி

ஹட்டன்

மச்சான் ராஜு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே பொங்கலும் போய்விட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சுகர் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது.

சிலேட்டு மாஸ்டர் போய்விட்டார், போன வியாழக்கிழமை. அதைச் சொல்ல வந்தால் முதலில் என் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

மகன் கொழும்பில் செய்து கொடுத்தது. வெயிலில் தானாகக் கறுக்கும், உள்ளே வந்தால் வெளுக்கும். கொழும்பில் லேசாகக் கறுத்து, சீக்கிரம் தெளிந்துவிட்டது. இங்கே கொண்டுவந்தால் கரிச்சட்டி! கடைப் பொடியனுக்குப் போன் போட்டேன். வில்லையில் இருக்கிற சாயத்தின் மூலக்கூறுகள் புறஊதாக் கதிர் பட்டதும் வடிவம் மாறிக் கறுக்குமாம். பழைய வடிவத்துக்குத் திரும்பக் கொஞ்சம் சூடு வேண்டும். மலையில் கதிர் கூட, சூடு குறைவு. அதனால் கறுப்பதும் அதிகம், வெளுக்கவும் நேரமெடுக்கும். கோத்தகிரியிலும் அதே கதைதான், நீ வாங்கிவிடாதே. பஸ்ஸில் முன் சீட்டில் மூஞ்சிக்கு நேரே வெயில் அடித்தாலும் அது கறுக்காது. பஸ்ஸின் முன்கண்ணாடி கதிரை மறித்துவிடுகிறதாம். வேண்டிய இடத்தில் வேலை செய்யாது, உன்னைப்போல.

மாஸ்டரிடம் காட்டியிருந்தால் ஒரு நாள் பூராவும் பேசியிருப்பார். பொகவந்தலாவையில் ஜூலியா மார்கரெட் கேமரன் கல்லறை முன்னால் நிறுத்தி, அந்த அம்மா படம் பிடித்த வெள்ளி உப்பு வெளிச்சத்தில் கறுப்பதைச் சொல்லி முடிப்பதற்குள் நம் வடையெல்லாம் ஆறிப்போனதே. தொட்டாற்சுருங்கித் தொட்டியை பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடினாரே, ஞாபகமா? ராத்திரி இலை மடித்த செடி, விடிந்ததும் இருட்டிலேயே விரிந்திருந்தது. 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் செய்து பார்த்த சோதனைதான், ஆனால் நாம் மாஸ்டர் மந்திரம் போட்டதாக நினைத்தோம். செடிக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. என் கண்ணாடிக்கு அந்தப் புத்தி ஏது?

சரி, மரண வீடு நுவரெலியாப் பக்கம். நல்ல வெயில், பனிக்குளிரும் சேர்ந்தது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். ஒன்றும் தெரியவில்லை. கழற்றினால் எனக்கு நீயும் மாடும் ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் மாஸ்டர் முகத்தைத் தேடிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு சினிமாக்காரன் மாதிரி நிற்கிறேன். மாஸ்டர் வீட்டு அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "எதுக்குப்பா மறைக்கிற? அழு" என்றார்.

அதுவரைக்கும் நான் அழவில்லை மச்சான்.

கண்ணாடி தெளிந்து பார்க்கும்போது பெட்டியை மூடிவிட்டார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற குரூப் போட்டோ உன்னிடம் இருக்கிறதா? என்னுடையது ஜன்னலுக்கு எதிரே மாட்டி, கலரெல்லாம் வெயிலில் போய்விட்டது. நாம் இரண்டு பேரும் எப்படியோ தெரிகிறோம், அவர் இருந்த இடம் வெறும் மஞ்சள். ஒரு பிரதி எடுத்து அனுப்பு. இந்த முறை உள் காம்பராவில் மாட்டுகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
சேகர்