தட்டுகிற பேரிங் ஓட ஓடச் சரியாகாது

மண்டபம்,
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். அக்கா கொடுத்துவிட்ட கருவாடு வந்து சேர்ந்தது, அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பங்காளி இன்னும் அந்த அரை மூட்டை சிமெண்டுக் கணக்கைத்தான் பேசிக்கொண்டு திரிகிறான். மற்றதெல்லாம் பிறகு.

என்ஜின் வேலை பார்த்து முடித்த உன் அம்பாசடர் தட்டுகிறது என்று நீ அனுப்பிய சத்தத்தை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அமாவாசைக்கு அதில்தான் எல்லாரையும் ராமேசுவரம் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாயாம். வேண்டாம்டா, பஸ்ஸில் போங்கள். "புது என்ஜின்தானே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் செட்டாகிவிடும்" என்று உன் மெக்கானிக் சொன்னது பிஸ்டன் ரிங்குக்குப் பொருந்தும். பேரிங்குக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தட்டலுக்கும் ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) வெள்ளை உலோகம் நசுங்கி இடைவெளி கூடும். கூடின இடைவெளி வழியாக ஆயில் ஒழுகி மற்ற பேரிங்குகளுக்கும் பிரஷர் குறையும். கடைசியில் பிஸ்டனைக் கிராங்க்கோடு (என்ஜினின் சுழலும் தண்டு) இணைக்கிற ராடு, என்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கும். இன்றைக்கு ஒரு செட் ஷெல்லோடு போகிற செலவு அன்றைக்கு முழு என்ஜினாகிவிடும்.

போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

போன் மைக்கில் கனத்த சத்தம் சரியாக ஏறாது, பதிவை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். நீ சொன்ன இரண்டு விஷயம்தான் என்னை உறுத்துகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தம் இல்லை, சூடானதும் வருகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது கடகடவென்று உதறுகிறது. பிஸ்டன் ஆட்டம் என்றால் நேர்மாறாக இருக்கும்: குளிரில் சத்தம் பெரிதாகி, பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் அடங்கும். சூட்டில் ஆயில் இளகியபிறகு வருகிற சத்தம் கீழ்ப்பக்கத்துச் சத்தம். நான் முதலில் சந்தேகப்படுவது பிக்-எண்ட், அதாவது ராடு கிராங்க்கைப் பிடிக்கிற பேரிங்.

ஆனாலும் சேம்பரை (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) கழற்றும் முன் வரிசையாகப் பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டு லைட்டை நம்பாதே, சில பவுண்டு பிரஷர் வந்தாலே அது அணைந்துவிடும். ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் நல்ல கேஜ் ஒன்றை நேரடியாக மாட்டச் சொல். சூடான என்ஜினில் 1000 ஆர்.பி.எம்முக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 2000-ல் 20 கூட ஏறவில்லை என்றால் அதற்குமேல் ஓட்டிப் பார்ப்பது பாவம், அங்கேயே ஆஃப் பண்ணிவிடு. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. அப்போது பார்க்கவேண்டியது சக்‌ஷன் பைப்பின் கேஸ்கெட்டும் ஸ்ட்ரெய்னரும். சேம்பருக்குக் கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டும். புது என்ஜினில் பிரஷர் விழுவதற்கு இது சர்வசாதாரணமான காரணம்.

பிரஷர் நன்றாக இருந்தால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். சத்தம் போய்விட்டால் டைனமோ, வாட்டர் பம்ப் பக்கம்தான் கோளாறு, அப்படி இருந்தால் உன் குலதெய்வத்துக்குக் கடா வெட்டு. அடுத்தது கிளட்ச்சை மிதிப்பது. மிதித்ததும் சத்தம் மாறினால் ஃப்ளைவீல் போல்ட்டைப் பார், பிறகு கிராங்க் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார். அந்த அசைவு சில தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தான் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஆயில் கோடு வெட்டிய முகம் கிராங்க்கைப் பார்த்து இருக்கவேண்டும்.

இப்போது முக்கியமான சோதனை. என்ஜின் சூட்டில், ஸ்லோவில் ஓடட்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப் நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்று தளர்த்து. அந்த சிலிண்டர் செத்துவிடும், டீசல் கசியும், கண்ணையும் கையையும் தள்ளி வை. (பக்கத்துவீட்டுத் தம்பியின் காமன் ரெயில் (புதுவகை டீசல்) வண்டியில் இதைச் செய்துவிடாதே. அதன் பிரஷர் தோலைக் கிழித்து உள்ளே போகும்.) எந்த சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் விஷயம். எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் பெரிதாக மாறாமல் உலக்கை இடிப்பதுபோல் தொம் தொம் என்று அடித்தால் கிராங்க்கைத் தாங்குகிற மெயின் பேரிங். உன் வண்டி 1489 சிசி டீசல் என்பதால் மெயின் மூன்றே மூன்றுதான், பார்த்துவிடலாம். மேலே வால்வு கவர் பக்கம் டிக் டிக் என்று மெல்லியதாக, கிராங்க் சுற்றுவதில் பாதி வேகத்தில் கேட்டால் வால்வைத் தள்ளுகிற டேப்பட். அதற்குக் கவலைப்படாதே.

குறைந்த சிலிண்டர் 3 என்று வைத்துக்கொள். உடனே பேரிங் என்று முடிவுகட்டாதீர்கள், நாசில் ஒழுகினாலும் டீசல் அப்படித்தான் அடிக்கும். 3-ஆவது நாசிலை 1-க்கும், 1-ஐ 3-க்கும் மாற்றிப் போடுங்கள். செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும், பழையது அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். சத்தமும் கூடவே 1-க்கு நகர்ந்தால் நாசில் வேலை. 3-லேயே நின்றால் கீழே இறங்க வேண்டியதுதான்.

ஆயிலைக் காலையில் இறக்கு. ஃபில்டரின் மடிப்புத்தாளை வெட்டி விரித்து வெயிலில் பார். வெள்ளி மினுக்கம் இருந்து, காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறமும் தெரிந்தால் பூச்சைத் தாண்டி அடித்தட்டுக்கே போய்விட்டது.

சேம்பரை இறக்கியதும் ஒவ்வொரு ராடையும் பிடித்து மேலும் கீழும் அசைக்கட்டும். பக்கவாட்டில் லேசாக நகர்வது சரி, மேலும் கீழும் கைக்கு எதுவும் தெரியக்கூடாது. ராடின் அடியில் பூட்டியிருக்கிற கேப்பைக் கழற்றும் முன் எண்களைப் பார்: ராடில் அடித்த எண்ணும் கேப்பில் அடித்த எண்ணும் ஒன்றாக, ஒரே பக்கம் இருக்கவேண்டும். கேப் மாறியோ திரும்பியோ போயிருந்தால் பேரிங் ஓட்டை வட்டமாகவே இருக்காது, எவ்வளவு நல்ல ஷெல் போட்டாலும் தட்டும்.

பிறகு பேரிங் இடைவெளியை அளக்கிற பிளாஸ்டிகேஜ். மெழுகு நூல் மாதிரி வரும், மதுரையில் ஸ்பேர் கடையில் கேள். பச்சை 1 முதல் 3 தவ் வரை, சிவப்பு 2 முதல் 6 தவ் வரை அளக்கும். ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஜர்னலின் (கிராங்க்கில் பேரிங் உட்காருகிற இடம்) நீளவாக்கில் ஒரு துண்டு வைத்து, டார்க் ரெஞ்சில் சரியான இறுக்கத்துக்குக் கேப்பை முடுக்கி, கிராங்க்கைத் துளியும் சுற்றாமல் மறுபடி கழற்ற வேண்டும். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சடித்த கோட்டோடு ஒப்பிடு. ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பொதுக் கணக்கு, ஆக உனக்கு 2 தவ் பக்கம் வரவேண்டும். 4, 5 தவ் காட்டுகிற மாதிரி அகலம் குறைவாக நசுங்கிக் கிடந்தால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான்.

ஏன் இப்படி ஆனது என்றும் யோசித்தேன். உன் என்ஜின் வேலை நடந்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கிற மீன்பிடித் தடைக்காலத்தில். பாம்பன், மண்டபம் விசைப்படகு என்ஜின் எல்லாம் அப்போதுதான் லேத்துக்கு வரும், காருக்கு யார் நேரம் கொடுப்பார்கள்? கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க் உங்கள் கொட்டகையில் வாரக்கணக்கில் கிடந்தது என்றாயே, கிரீஸ் பூசிச் சுற்றி வைத்தார்களா? நம் உப்புக்காற்றில் மெருகு போட்ட ஜர்னல் ஒரே ராத்திரியில் செந்துரு பூத்துப் போகும். அதை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கண்ணுக்கு அழகு, அளவு காலி. கிராங்கின் ஆயில் ஓட்டைக்குள் கிரைண்டிங் தூள் தங்கியிருந்தாலும் இதே கதிதான். ஓட்டையை அடைக்கிற பிளக் இருந்தால் கழற்றி, பிரஷ் விட்டு, டீசலில் கழுவிக் காற்றடித்திருக்க வேண்டும். இதைக் கேட்கும்போது மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதே. மனுஷன் நல்ல கைக்காரர், அவசரம்தான் கெடுத்திருக்கும்.

திரும்பப் பூட்டும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஆயில் பம்ப்பை நிரப்பிவிட்டு, டீசலை அடைத்து, கேஜில் பிரஷர் ஏறும்வரை செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றவேண்டும். முள் எழும்பாமல் ஸ்டார்ட் பண்ண விடாதே, பேட்டரி இறங்கினால் இறங்கட்டும்.

அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், கொடுத்துவிடுகிறேன். சேம்பரைக் கழற்றிய அன்றே கழற்றின ஷெல்லின் முதுகைப் படம் எடுத்து அனுப்பு. அதில் அடித்திருக்கிற சைஸ் (எத்தனை தவ் குறைத்த கிராங்க்குக்கு என்பது) 10-ஆ, 20-ஆ, ஸ்டாண்டர்டா என்பதும், கிரைண்டிங் பில்லில் என்ன சைஸ் எழுதியிருக்கிறது என்பதும் எனக்கு வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் ஷெல்லை வாங்காமல் எனக்கு முதலில் போன் பண்ணு.

உன்,
மண்டபத்து மாப்ள