பிரிக்க முடியாத பொருளை மறுசுழற்சி செய்வது எப்படி?

ஆசிரியருக்கு,

மின்னணுக் கழிவு என்றாலே, மக்கள் பழைய பொருள்களை முறையாக ஒப்படைப்பதில்லை என்ற குறைதான் முன்வைக்கப்படுகிறது. அவற்றைப் பிரிக்கவே முடியாதபடி தயாரிப்பின்போதே ஒட்டிவிடுவது பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

பசையிட்டு ஒட்டிய செல்போன் பேட்டரியை எடுக்க, பழுதுபார்ப்பவர் பின்மூடியைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை நுழைத்து நெம்ப வேண்டியிருக்கிறது. அப்போது பேட்டரி வளைந்தாலோ துளைபட்டாலோ உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். இழுத்தால் நீண்டு கழன்றுவரும் ஒட்டுநாடா இருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். இரு பாதிகளையும் உருக்கி இணைத்த சார்ஜரையோ உடைக்காமல் திறக்க வழியே இல்லை. பிரிக்க முடியாதவற்றை மொத்தமாக அரைக்கும்போது இரும்போடு கலந்துவிடும் செம்பை உருக்காலையில் நீக்குவது மிகக் கடினம். அது எஃகின் தரத்தையும் கெடுக்கிறது.

நீர் புகாமலிருக்கப் பசை தேவை என்று சொல்லப்படுவதுண்டு. ரப்பர் வளையமும் திருகாணியும் கொண்டே நீர்புகாக் கைக்கடிகாரங்கள் பல்லாண்டுகளாகச் செய்யப்படுவதால், இவ்வாதத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும் வகையில் 2027 பிப்ரவரி 18 முதல் அமைக்க வேண்டும் என்று, சில விலக்குகளுடன், கூறுகிறது. நமது 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளோ, பொருள் மறுசுழற்சிக்கு உகந்ததாக இருக்க வேண்டும் எனப் பொதுவாகச் சொல்கின்றன. சாதாரணத் திருப்புளியால் கழற்றத்தக்க இணைப்புகளையும், பிரிக்கும் முறையை விளக்கும் கையேட்டையும் அவ்விதிகளிலேயே மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்