ஆர்எக்ஸ்-7 வருமா, வராதா? மாஸ்டா நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாஸ்டா மோட்டார் நிறுவனத்தின் தலைமை மற்றும் ரோட்டரி என்ஜின் மேம்பாட்டுக் குழுவினர்,
ஃபுச்சூ, ஹிரோஷிமா, ஜப்பான்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2025 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் விஷன் எக்ஸ்-கூபே காரின் திரையை விலக்கினீர்கள். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின், அதில் இரண்டு ரோட்டர், டர்போ, கூடவே மின்மோட்டார், மொத்தம் 510 குதிரைத்திறன். அழகான கார்தான். ஆனால் நான்கு கதவுகள், ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கண்காட்சியில் நீங்கள் காட்டிய சிறிய சிவப்புக் கார் ஐகானிக் எஸ்பி எப்போது வரும் என்று அறியக் காத்திருந்தவர்களுக்கு உறுதியான தேதி எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு கனவு கிடைத்தது. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் பழைய ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-7இன் வாரிசைக் கடைக்குக் கொண்டுவரப் போகிறீர்களா, இல்லையா? ஆம் என்றால் ஆண்டைச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதப்படும் மடல் உங்கள் மேசைக்கு வருவது அபூர்வமாக இருக்கலாம். எங்கள் சாலைகளில் உங்கள் பெயரை நாங்கள் முதலில் படித்தது ஸ்வராஜ் மாஸ்டா வேன்களின் முகப்பில்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் வால்வே இல்லாத ஓர் என்ஜினும், அதற்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்த பொறியாளர்களும் இருக்கிறார்கள் என்று அறிந்த நாளிலிருந்து உங்களை வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. குறையாததால்தான் கோபமும் வருகிறது.

பழைய கதையை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுக் கொண்டுவந்த என்ஜின், உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்து பாழாயிற்று. 1963இல் கெனிச்சி யாமாமோட்டோ 47 பொறியாளர்களுடன் உட்கார்ந்து அந்தக் கீறலோடு போராடினார். 1967இல் உங்கள் முதல் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மற்ற நிறுவனங்கள் ரோட்டரியைக் கைகழுவியபோதும் நீங்கள் விடவில்லை; 1978இல் ஆர்எக்ஸ்-7ஐக் கொடுத்தீர்கள். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை உங்கள் ரோட்டரிப் பந்தயக் கார் 787பி வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே பெற்ற முதல் வெற்றி அது. மூன்று தலைமுறைகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7 கார்களைச் செய்துவிட்டு, 2002 ஆகஸ்டில் உற்பத்தியை நிறுத்தினீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2015இல் ஆர்எக்ஸ்-விஷனைக் காட்டினீர்கள். மிக அழகிய கான்செப்ட் கார் என்று பாரிஸில் விருதும் வாங்கியது. அது சாலைக்கு வரவில்லை. 2023இல் ஐகானிக் எஸ்பி: 1,450 கிலோ எடை, 370 குதிரைத்திறன், 4,180 மில்லிமீட்டர் நீளம். கடைசித் தலைமுறை ஆர்எக்ஸ்-7ஐ விடவும் நீளம் குறைவு. கார்கள் எல்லாம் ஊதிப் பெருத்துக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த அளவைப் பார்த்ததும், இவர்கள் இன்னும் மறக்கவில்லை என்று மனம் நிறைந்தது. 2024 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூன் மேடையில் தலைவர் மசாஹிரோ மோரோ அவர்கள், ரோட்டரி மேம்பாட்டுக் குழுவைப் பிப்ரவரி 1 அன்று மீண்டும் அமைக்கப்போவதாக அறிவித்தார். 36 பொறியாளர்கள் அதில் சேர்ந்தார்கள். அன்று நாங்கள் கொண்டாடியது ஒரு காரை அல்ல, ஒரு வாக்குறுதியை. ஆண்டுகள் நகர்கின்றன, வாக்குறுதிக்குத் தேதி வரவில்லை.

எங்களுக்கும் ஐயங்கள் உண்டு. எம்எக்ஸ்-30 காரில் நீங்கள் மீட்டெடுத்த 830 சிசி ஒற்றை ரோட்டர் என்ஜின் பேட்டரிக்கு மின்சாரம் தருகிறது, சக்கரத்தைத் தொடுவதில்லை. ஐகானிக் எஸ்பியையும் ரோட்டரி மின்சாரக் கார் என்றுதான் அறிமுகப்படுத்தினீர்கள். மின்னாக்கியாக மட்டும் இயங்கும் ரோட்டரி ஏற்கத்தக்கதே, சிக்கனமானதே. ஆனால் ஆர்எக்ஸ்-7 ஓட்டியவர் யாரிடம் கேட்டாலும், வலது காலுக்கும் என்ஜினுக்கும் இடையே இருந்த அந்த நேரடி உறவைத்தான் முதலில் சொல்வார். முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதே தெரியாத அளவுக்கு அதிர்வில்லாமல் ஏறும் என்ஜின் என்பதால் எச்சரிக்கை ஒலி பொருத்தியவர்கள் நீங்கள். அந்த ஒலிக்கு இனி வேலை இருக்குமா? பேட்டரியின் எடை எவ்வளவு சேரும்? ஐகானிக் எஸ்பியின் 1,450 கிலோவே பழைய காரைவிட 150 கிலோவுக்கும் மேல் அதிகம். விற்பனைக்கு வரும்போது அது இன்னும் கூடாது என்று உறுதி தர முடியுமா?

ரோட்டரியின் குறைகளை மறைத்துவிட்டு நாங்கள் கேட்கவில்லை. எரியும் அறை நீண்டு ஒடுங்கி, ரோட்டருடன் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் வீணாகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. சீல்கள் தேயாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்தே எரிக்க வேண்டும். புகை விதிகள் இறுகியதால், ஆர்எக்ஸ்-7க்குப் பின் வந்த ஆர்எக்ஸ்-8 ஐரோப்பாவை விட்டு வெளியேறியதும், 2012இல் அதன் உற்பத்தியே நின்றதும் எங்களுக்குத் தெரியும். புகையை வெல்ல முடியவில்லை, பணமும் இல்லை என்று நீங்கள் சொன்னால் நம்புவோம். நம்ப முடியாதது மௌனம்தான்.

இந்த மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று சற்றுப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த, அந்தக் காரின் 13பி என்ஜின் காலைக் குளிரில் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடானபின் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பின்னால் வரிசை நிற்க, பானெட்டைத் திறந்துவைத்துச் சூடு தணியக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நிலைக்கு வந்த என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பிஸ்டன் என்ஜின் என்றால் சிலிண்டரைக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டுவிடலாம். ஆனால் ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கின் உட்புறம் எட்டு வடிவில் வளைந்த, குரோம் பூசிய பரப்பு. பூச்சு உரிந்துவிட்டால் கடைந்து சரிசெய்ய வழியில்லை. புதிது வாங்க வேண்டும். அதை வார்த்துத் தருவது நீங்கள். நீங்கள் நிறுத்தும் நாளில், எத்தனை கவனமாகப் பராமரித்த காராக இருந்தாலும் அதன் ஆயுளுக்கு ஒரு கெடு விழுந்துவிடும்.

அந்தக் காரின் இரண்டு டர்போக்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் அந்த வெற்றிடக் குழாய்களின் சிக்கலையும் நீங்கள் அறிவீர்கள். டஜன் கணக்கான ரப்பர் குழாய்கள் என்ஜின் சூட்டில் காய்ந்து விறைத்துப்போகின்றன. ஒன்றில் மயிரிழை வெடிப்பு வந்தாலும் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் இரண்டாவது டர்போ சேர மறுக்கிறது. எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க என்ஜினுக்கு மேலே இருக்கும் காற்றுக் குழாய்த் தொகுதியான மானிஃபோல்டையே கழற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் மூப்படைந்து ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள். 2020இல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களுக்கான சில பாகங்களை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் புதிய கார் வருமா என்று தெரியாதவரை, பழைய காரை வைத்திருப்பவர் எதை நம்பி என்ஜினைப் பிரிப்பார்? விற்றுவிடுவதா, சேமிப்பைக் கொட்டிச் செப்பனிடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டாமா?

காலமும் அவருக்கு எதிராக ஓடுகிறது. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த கார்களைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம். 2002இல் நீங்கள் செய்த கடைசி 1,500 ஆர்எக்ஸ்-7 ஸ்பிரிட் ஆர் கார்களுக்கு 2027இல் அந்தக் கதவு திறக்கிறது. ஏற்கெனவே ஏறிப்போன விலை இன்னும் ஏறும். நல்ல கார்கள் கப்பலேறிக் குளிரூட்டிய கொட்டகைகளில் ஓடாமல் நிற்கும். ஜப்பானிலோ, 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வாகன வரியை உயர்த்துகிறது அரசு. ஒரு பொருளைக் கால் நூற்றாண்டு பேணி ஓட்டுபவருக்கு அபராதம், சில ஆண்டுகளில் காரை மாற்றுபவருக்குச் சலுகை. இதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் துறையும் சளைத்ததல்ல. மிட்சுபிஷியில் எக்லிப்ஸ் என்ற கூபேயின் பெயரை எடுத்து ஓர் எஸ்யுவியின் பின்புறம் ஒட்டினார்கள். டொயோட்டா சூப்ரா திரும்பி வந்தது, ஆஸ்திரியாவில் கட்டப்பட்டு, பிஎம்டபிள்யூ என்ஜினுடன். ரசிகர்கள் முகம் சுளித்தாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது: கார் கண்ணெதிரே வந்தது, பிடித்தவர்கள் வாங்கினார்கள். ஹோண்டா பிரெலூடும் 2025இல் திரும்பிவிட்டது. மேடையில் சுழலும் கார்களால் நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைக்கிறது. காத்திருப்பவர்களுக்கு வயதாகிறது.

வரியும் மற்ற நிறுவனங்களின் முடிவுகளும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறோம். நீங்கள் பெரிய நிறுவனம் இல்லை என்பதும், அமெரிக்க இறக்குமதி வரி உங்களை எவ்வளவு பாதிக்கிறது என்பதும் தெரியும். குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பணம் ஒதுக்குவது எளிதல்ல. ஆகவே நாளையே கொடுங்கள் என்று வற்புறுத்தவில்லை. 2030 என்றாலும் காத்திருப்போம். முன்பணம் கட்டச் சொன்னால் கட்டுபவர்கள் எங்களில் பலர் இருக்கிறார்கள்.

2027 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் வந்து 60 ஆண்டுகள் நிறைகின்றன. அதற்குள் ஓர் அறிக்கை வெளியிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கார் வரும் என்றால் எந்த ஆண்டு, ரோட்டரி சக்கரத்தைச் சுழற்றுமா அல்லது மின்சாரம் மட்டும் தருமா, எடை எவ்வளவுக்குள் இருக்கும் என்று அதில் சொல்லுங்கள். வராது என்றால், 13பி என்ஜினுக்கான ரோட்டர் ஹவுசிங்கும் அபெக்ஸ் சீலும் எந்த ஆண்டு வரை உங்களிடம் கிடைக்கும் என்பதை அதே அறிக்கையில் தயவுசெய்து குறிப்பிட்டுவிடுங்கள்.

மதிப்புடனும் நன்றியுடனும்,
ஒரு ரோட்டரி ரசிகர்